துறைப்பேச்சு: கற்பனை நாட்டுக்குச் சிறுவர்கள் பொதுமொழி செய்த கதை – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கு எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரின் நூலக அறையில், சனிக்கிழமை மாலைகளில் ஒரு வாசிப்பு வட்டம் கூடுகிறது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் 11 பிள்ளைகள் வருகிறார்கள். நடத்துபவர்கள் இரண்டு பேர்: தமிழாசிரியனான நான், அதே ஊரில் கல்லூரியில் படிக்கும் இளம்பெண் ஒருவர். பிள்ளைகள் என்னைச் சார் என்றும் அவரை அக்கா என்றும் அழைப்பார்கள். இந்தப் பதிவில் யாருடைய பெயரும் இல்லை. பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

இந்த வட்டாரத்தை அறியாதவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். தருமபுரியிலிருந்து பிரிந்து 2004 பிப்ரவரி 9 அன்று உருவான மாவட்டம் இது. கர்நாடகமும் ஆந்திரமும் தொட்டுக்கொண்டு நிற்கும் இடம். எங்கள் 11 பேரில் 5 பேர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், 3 பேர் தெலுங்கு, 2 பேர் கன்னடம், ஒருவன் உருது. பள்ளியில் தமிழ்ப் பாடத்தைக் கட்டாயமாக்கிய 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு பள்ளிக்கு வந்த தலைமுறை ஆகையால் எல்லோருக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். தெருவில் விளையாடும்போது யார் எந்த மொழியில் கத்துகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஜூன் மாதத்தில் ஒரு பெரிய கற்பனைக் கதையைக் கூட்டாக எழுதுவது என்று முடிவானது. ஆற்றைச் சுற்றி நான்கு நாடுகள்: வயல்நாடு, மலைநாடு, காட்டுநாடு, மணல்நாடு. மலைநாட்டார் நிழலைப் பாய்போல் சுருட்டிக்கொண்டு வந்து விற்பார்கள். மணல்நாட்டில் வெயில் கடுமை, அங்கே ஒரு சுருள் நிழலுக்கு ஒரு மூட்டை உப்பு விலை. காட்டுநாட்டின் தேன் இருட்டில் ஒளிரும். நான்கு நாட்டாரும் சந்திக்கும் ஆற்றுத்துறைக்கு உப்புத்துறை என்று பெயர். இவ்வளவும் முதல் இரண்டு வாரங்களில் பிள்ளைகள் தாமாகச் செய்தவை. அங்கே எல்லோரும் எந்த மொழியில் பேசிக்கொள்வார்கள் என்ற கேள்வி மூன்றாம் வாரத்தில் எழுந்தது. அந்தக் கேள்விக்கு நாங்கள் மூன்று முறை விடை தேடினோம். முதல் இரண்டு விடைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் மனம் காயப்பட்டது. அதற்காகவே இதை எழுதி வைக்கிறேன்.

முதல் விடை: தமிழே பொதுமொழி

பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் வட்டத்தில் மூத்தவன், நிறையப் படிப்பவன். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் தம் கற்பனைக் கதையுலகின் பொதுமொழியை ஆங்கிலமாகவே எழுதிவிட்டு, ‘உண்மையில் அவர்கள் பேசியது வேறு மொழி, நான் மொழிபெயர்த்திருக்கிறேன்’ என்று பின்னிணைப்பில் விளக்கியதை அவன் எடுத்துச் சொன்னான். அதேபோல் நாமும் பொதுமொழியைத் தமிழாக எழுதிவிடலாம் என்றான். வசதியான யோசனை. படிப்பவருக்கும் சிரமம் இல்லை. நான் உடனே ஒப்புக்கொண்டேன்.

ஐந்து வாரம் கதை வேகமாக வளர்ந்தது. ஜூலை இறுதியில் அதுவரை எழுதியதை வரிசையாகப் படித்துப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. வயல்நாட்டார் பொதுமொழியைத் தெளிவாகப் பேசினார்கள், ஏனெனில் அது அவர்களுடைய மொழியாகவே ஆகிவிட்டிருந்தது. மலைநாட்டு வியாபாரி மட்டும் துறைக்கு வந்து ‘நான் வந்தான், நிழல் கொடுத்தது, விலை சொல்லு’ என்று பேசினான். நோட்டில் மலைநாட்டார் வாய்திறக்கும் இடங்கள் ஏழு. ஏழிலும் பக்கத்தில் நிற்கும் யாராவது ஒருவர் சிரிக்கிறார்.

எழுதிய பிள்ளைகளிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததில்லை. தமிழை இரண்டாவது மொழியாகப் பேசுபவர்கள் வினைமுற்றில் தடுமாறுவதைச் சந்தையில் கேட்டிருக்கிறார்கள், அதை எழுதினார்கள். ஆனால் எட்டாம் வகுப்பில் படிக்கும், வீட்டில் கன்னடம் பேசும் பெண் மூன்று வாரமாக எதுவுமே எழுதவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். வரைபடத்துக்கு ஓரம் போட்டுக்கொண்டிருந்தாள். கொடியும் இலையுமாக அழகான ஓரம். ஜூன் மாதத்தில் நிழல் சுருட்டும் காட்சியை எழுதியதே அவள்தான்.

அன்று எல்லோரும் போன பிறகு அவள் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். ‘சார், மலைநாட்டுக்காரர்கள் அவர்கள் வீட்டில் பேசும்போதும் இப்படித்தான் திக்கித் திக்கிப் பேசுவார்களா?’ என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. அடுத்த வாரம் பேசலாம் என்று சொல்லி அனுப்பினேன். இரவெல்லாம் அந்தக் கேள்வியே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 28 ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கிறேன். எத்தனை பிள்ளைகளின் வாக்கியப் பிழைகளைத் திருத்தியிருப்பேன், அவர்கள் வீட்டில் எவ்வளவு சரளமாகப் பேசுவார்கள் என்று ஒருமுறைகூட நினைத்ததில்லை.

இரண்டாவது விடை: யாருக்கும் சொந்தமில்லாத மொழி

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை நான் பிள்ளைகளுக்கு ஸாமன்ஹாஃப் கதையைச் சொன்னேன். இன்று போலந்திலுள்ள பியாலிஸ்டாக் என்ற ஊரில் பிறந்தவர். அங்கே ரஷ்யன், போலிஷ், ஜெர்மன், யூதர்களின் இத்திஷ் என்று மொழிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. ஒருவரையும் ஒருவர் தாழ்த்தாத மொழி வேண்டும் என்று அவர் 16 விதிகளில் இலக்கணம் அமைத்து 1887இல் எஸ்பெராண்டோ என்ற புதுமொழியை வெளியிட்டார். நம் ஊரும் ஏறக்குறைய அப்படிப்பட்டதுதானே என்று பிள்ளைகள் கேட்டார்கள். எல்லோர் முகத்திலும் வெளிச்சம்.

மூத்த மாணவன் பொறுப்பை ஏற்றுக்கொண்டான். நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் கோடு போட்டு ஆறு வாரத்தில் 412 சொற்களை உருவாக்கினான். நான்கு மொழிகளில் எதையும் நினைவூட்டாத சொற்களாக அவை இருக்க வேண்டும் என்பது அவன் தனக்கு வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. தண்ணீருக்குச் ‘செமி’, உப்புக்குத் ‘திகு’, வா என்பதற்கு ‘ஒழ’. விதிவிலக்கே இல்லாத வினைத்திரிபு. அந்த நோட்டை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. பதினைந்து வயதுப் பையன் வேற்றுமை உருபுகளுக்கு அட்டவணை போட்டிருந்தான்.

செப்டம்பர் நடுவிலிருந்து நான்கு வாரம் அதைக் கதையில் பயன்படுத்தினோம். எழுத்து நின்றுபோனது என்றே சொல்ல வேண்டும். ஒவ்வொரு உரையாடலுக்கும் நோட்டைப் புரட்ட வேண்டியிருந்தது. அக்காதான் முதலில் கண்டுபிடித்தார்: கதைமாந்தர்கள் பேசுவதையே விட்டுவிட்டார்கள். ‘அவன் தலையசைத்தான்’, ‘அவள் கையைக் காட்டினாள்’, ‘இருவரும் பேசாமல் நின்றார்கள்.’ பக்கத்துக்குப் பக்கம் இதுதான். பிள்ளைகள் நோட்டைத் திறக்காமல் இருக்க வழி தேடியிருக்கிறார்கள்.

இந்தத் தோல்விக்குக் காரணம் அந்த மாணவன் அல்ல, நான்தான். ஸாமன்ஹாஃபின் நோக்கத்தைச் சொன்னேன், அவர் வேர்ச்சொற்களை எங்கிருந்து எடுத்தார் என்பதைச் சொல்லவில்லை. ஐரோப்பியர்கள் முன்பே அறிந்த சொற்களிலிருந்துதான் பெரும்பாலும் எடுத்தார். அதனால் கற்பவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு கொம்பு கிடைத்தது. எங்கள் மாணவன் நியாயத்துக்காக எல்லாக் கொம்புகளையும் வெட்டியிருந்தான். பாதிக் கதையைச் சொல்லிப் பிள்ளையை ஆறு வாரம் உழைக்க வைத்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய தவறு அடுத்தது. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, எல்லோர் முன்னிலையிலும், ‘இந்த மொழி சரிவரவில்லை, வேறு பார்க்கலாம்’ என்று சொன்னேன். அவனைத் தனியே அழைத்து ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. அவன் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டான். மறு வாரம் வரவில்லை. பொதுத்தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று தம்பியிடம் சொல்லி அனுப்பினான்.

துண்டுக்குள் விரல்

மூன்றாவது விடை எங்கள் அறையில் தோன்றவில்லை. தெலுங்கு பேசும் ஏழாம் வகுப்பு மாணவனின் தாத்தா மாட்டுத் தரகர். ‘எங்கள் தாத்தா ஒரு வார்த்தை பேசாமல் மாடு விற்றுக் கொடுப்பார்’ என்று அவன் சொல்ல, அடுத்த வாரமே அவரை அழைத்து வந்தோம்.

பெரியவர் நாற்காலியில் உட்காரவில்லை, பாயில் அமர்ந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துத் தம் வலக்கையின் மேல் போட்டு, எதிரே உட்கார்ந்திருந்த எட்டாம் வகுப்புப் பெண்ணின் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். வெளியில் தெரிந்தது துணி அசைவது மட்டும்தான். ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்தால் ஒன்று, நடுவிரலையும் சேர்த்துப் பிடித்தால் இரண்டு. அது ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்றார். விற்பவர் கன்னடக்காரராக இருக்கலாம், வாங்குபவர் தமிழராக இருக்கலாம். விரலுக்கு மொழி கிடையாது. அவளுக்கு விலை புரிந்ததும் ‘மூன்று!’ என்று கத்திவிட்டாள். வெளியே சொல்லக் கூடாது என்று அவர் உதட்டில் விரல் வைத்தார்.

பிறகு அவள் கேட்டாள்: ‘இந்த மாடு எங்கள் வீட்டில் பிறந்தது, இதை விற்க மனமில்லை என்பதைத் துண்டுக்குள் எப்படிச் சொல்வது, தாத்தா?’

‘அது துண்டுக்குள் வராது, கண்ணு. அதற்கு வீட்டுப் பேச்சுதான் வேண்டும்’ என்றார்.

அவர் போன பிறகு பலகையில் இரண்டு வரி எழுதினேன். ராகி: தமிழில் இந்தப் பக்கம் ராகி, கன்னடத்தில் ராகி, தெலுங்கில் ராகுலு. அதைக் கிண்டினால்? தமிழில் களி, கன்னடத்தில் முத்தெ, தெலுங்கில் சங்கடி. தானியம் மூட்டையில் ஏறிச் சந்தைக்குப் போகிறது, அதன் பெயரும் கூடவே போகிறது. களி அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை, அதனால் வீட்டுக்கு வீடு வேறு பெயர். பொதுமொழியில் எது இருக்கும், எது இருக்காது என்பதைப் பிள்ளைகள் அந்த இரண்டு வரியிலிருந்தே பிடித்துக்கொண்டார்கள். துறையில் கைமாறும் பொருளுக்கும் விலைக்கும் வழிக்கும் சொல் இருக்கும். தாலாட்டுக்கும் சண்டைக்கும் துக்கத்துக்கும் இருக்காது.

மொழி கட்டிய விதம்

நவம்பர் முதல் ஜனவரி வரை இதைச் செய்தோம். மிக மகிழ்ச்சியான மாதங்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், சொற்களுக்கு உச்சவரம்பு 90 என்று வைத்தோம். வடக்கு நார்வேயில் மீனுக்குத் தானிய மாவு மாற்றிக்கொண்ட நார்வே மீனவர்களும் ரஷ்ய வணிகர்களும் பேசிய ருஸ்ஸனார்ஸ்க் என்ற கலப்புமொழி சுமார் 400 சொற்களைக் கொண்டே ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. கோடைகால வியாபாரத்துக்கு அது போதுமானதாக இருந்தது. இரு தரப்பாரிலும் பலர் தாங்கள் எதிராளியின் மொழியைப் பேசுவதாகவே நம்பினார்கள் என்பதைச் சொன்னபோது பிள்ளைகள் நெடுநேரம் அதைப் பற்றியே பேசினார்கள். எங்கள் துறை அதைவிடச் சிறியது.

எந்தப் பொருளை எந்த நாட்டார் துறைக்குக் கொண்டுவருகிறார்களோ அவர்கள் வைத்த பெயரே பொதுப்பெயர் என்பது அடுத்த விதி. ஒவ்வொரு நாட்டின் பேச்சுக்கும் ஒரு சாயல் கொடுக்கப் பிள்ளைகளே நாடுகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். மலைநாட்டைக் கன்னடம் பேசும் இருவர் எடுத்தார்கள், ஆகவே நிழலுக்கு ‘நெரள்’. காட்டுநாட்டைத் தெலுங்குப் பிள்ளைகள் எடுத்தார்கள், தேனுக்குத் ‘தேனெ’.

உப்பில்தான் நான் மறுபடியும் தவறப் பார்த்தேன். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் உப்பு உப்புதான். பலகையில் மூன்றையும் எழுதியதும் எல்லோரும் கைதட்டினோம். பொதுமொழியின் முதல் சொல் கிடைத்துவிட்டது என்று நானும் சொல்லிவிட்டேன். உருது பேசும் ஆறாம் வகுப்புப் பையன் மட்டும் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தான். அக்கா அவன் பக்கத்தில் போய்க் குனிந்தார். ‘எங்கள் வீட்டில் நமக்’ என்று அவன் மெதுவாகச் சொன்னான். மூன்று பேருக்குப் பொதுவானதை நாலு பேருக்கும் பொது என்று முடிவு கட்டியிருந்தோம்.

உப்பைக் கொண்டுவருவது மணல்நாடு. மணல்நாடு அவனுக்கும் இரண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்கும் வந்திருந்தது. ஆகவே விதிப்படி ‘நமக்’. சொல்லிப் பார்த்தபோது தமிழ் நாக்கு தானாக ஓர் உகரத்தைச் சேர்த்தது. நமக்கு! அறையே குலுங்கியது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அங்கேயே கதையின் பழைய போருக்குக் காரணத்தைக் கண்டுபிடித்தாள்: முதன்முதலில் மணல்நாட்டார் உப்பு மூட்டையோடு வந்து ‘நமக், நமக்’ என்று கூவியபோது, வயல்நாட்டார் காதில் அது ‘நமக்கு, நமக்கு’ என்று விழுந்தது; துறையையே தங்களுக்கு என்று கேட்கிறார்கள் என்று எண்ணி வில்லை எடுத்தார்கள். ஆறு மாதமாக இந்தப் போருக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தோம்.

வா என்ற சொல்லுக்கு ஒரு முழு மாலை ஆனது. தமிழில் வா, தெலுங்கில் ரா, கன்னடத்தில் பா. அழைக்கும்போது மூன்றும் தூரத்தில் ஒன்றுபோலவே கேட்கும் என்று ஒருவன் சொன்னான். அவனை வாசலுக்கு அப்பால் நிறுத்தி மூன்று பேர் மாறிமாறி அழைத்தார்கள். காற்றில் மிஞ்சியது ‘ஆ’ மட்டும்தான். அப்போது அந்த ஆறாம் வகுப்புப் பையன் எழுந்து நின்று, ‘எங்கள் மொழியில் வா என்பதற்கு ஆ தான்’ என்றான். இம்முறை அவன்தான் முதலில் கைதட்டினான்.

எண்களுக்குச் சொல் வேண்டாம், துண்டும் விரலும் போதும் என்று முடிவானது. மூன்று மொழிகளின் எண்கள் ஒத்துப்போவதால் அவற்றின் வாலை வெட்டி வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை வந்தது, ஆனால் உப்பில் பட்ட அனுபவத்துக்குப் பிறகு யாரும் வற்புறுத்தவில்லை.

மலைநாட்டுச் சாயலுக்கு ஓர் ஒலி விதியும் கிடைத்தது. பஸ் பலகையிலிருந்து கிடைத்தது என்று சொல்லலாம். தருமபுரி மாவட்டத்தில் நல்லம்பள்ளியும் இருக்கிறது, மாரண்டஹள்ளியும் இருக்கிறது. பள்ளியும் ஹள்ளியும் ஒரே சொல்தான். தமிழின் முதலெழுத்துப் பகரம் கன்னடத்தில் பல சொற்களில் ஹகரமாகும்: பால் ஹாலு, புலி ஹுலி, பூ ஹூவு. புகை அங்கே ஹொகெ, தெலுங்கில் பொக. ஒகேனக்கல் என்ற பெயரில் புகையும் கல்லும் இருப்பதை அன்றுதான் பிள்ளைகள் கண்டார்கள். எத்தனை முறை அங்கே பரிசலில் போயிருக்கிறார்கள்! வீட்டுக்குப் போய் இப்படிப்பட்ட சொற்களைத் தேடி வாருங்கள் என்று சொன்னேன்; கன்னடம் பேசும் பெண் தன் பாட்டியிடம் கேட்டு இரண்டு பக்கம் எழுதி வந்தாள்.

இந்த மொழிக்குத் துறைப்பேச்சு என்று பெயர் வைத்தோம். கதையில் அது இப்படி வரும்: ‘நெரள்’ என்று ஒருத்தி துண்டுக்குள் ஒரு விரல் காட்டுவாள், எதிரே நிற்பவன் ‘நமக்’ என்று இரண்டு விரல் காட்டுவான், அவள் தலையாட்டாமல் நின்றால் அவன் ‘ஆ, ஆ’ என்று அழைத்து மூன்றாவது விரலைப் பிடிப்பான்.

எழுத்து முறையில் எடுத்த முடிவு

சொற்களைவிட முக்கியமான முடிவு இது. எட்டாம் வகுப்புப் பெண் ஜூலையில் கேட்ட கேள்விக்கு இங்கேதான் விடை சொன்னோம். எந்த நாட்டாராக இருந்தாலும் தங்கள் வீட்டில் தங்களுக்குள் பேசும்போது முழுமையான, வளமான தமிழில் எழுத வேண்டும். துறையில் பேசும்போது எல்லோருமே, வயல்நாட்டார் உட்பட, சில சொற்களும் விரல்களுமாகத்தான் பேச வேண்டும்.

இதற்கு எதிர்ப்பு வந்தது. வயல்நாட்டை எழுதிய மாணவி ஒருத்தி, ‘எங்கள் ராஜா ஏன் குழந்தைபோலப் பேச வேண்டும்?’ என்று கேட்டாள். உண்மையாகவே வருந்தினாள். அவளுடைய ராஜா நான்கு மாதமாகக் கம்பீரமாகப் பேசி வந்தவர். நான் பதில் சொல்லவில்லை. மலைநாட்டை எழுதும் பெண் சொன்னாள்: ‘வீட்டில் எப்படி வேண்டுமானாலும் பேசட்டும். துறைக்கு வந்தால் எல்லோரும் துறைக்காரர்கள்.’ அந்த வாரம் ராஜா துறைக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தார், விரலைத் தப்பாகப் பிடித்து ஒரு மூட்டை ராகியை இழந்தார். அந்த மாணவி எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது.

நாம் என்ற சிக்கல்

ஜனவரியில் நான்கு நாட்டாரும் ஒப்பந்தம் செய்யும் காட்சிக்கு வந்தோம். ‘இந்தத் தண்ணீரை நாம் பகிர்ந்துகொள்வோம்’ என்று கல்லில் வெட்ட வேண்டும். தமிழில் கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், விலக்கினால் நாங்கள். தெலுங்கிலும் மனமு, மேமு என்று இரண்டு உண்டு. இன்றைய கன்னடத்தில் இரண்டுக்கும் நாவு ஒன்றுதான். உருதுவிலும் ஹம் ஒன்றுதான். துறைப்பேச்சில் எத்தனை வைப்பது?

இரண்டு வாரம் விவாதம் நடந்தது. இரண்டு சொல் வைத்தால் மலைநாட்டாரும் மணல்நாட்டாரும் தங்களிடம் இல்லாத வேறுபாட்டைக் கற்க வேண்டும். ஒன்று வைத்தால் ஒப்பந்தம் குழம்பும். குழம்பட்டும் என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். ஒரே சொல், கூடவே ஒரு சைகை: கையைத் தன் நெஞ்சில் வைத்தால் நாங்கள், கையை வட்டமாகச் சுற்றினால் நாம்.

கல்லில் சைகையை எப்படி வெட்டுவது என்று அக்கா கேட்டார். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் நடுகற்கள் நிறைய. வட்டெழுத்து வரிகளோடு வீரனின் உருவமும் அவற்றில் இருக்கும். அதை நினைத்து ஒருவன் சொன்னான், எழுத்தின் பக்கத்தில் ஒரு கையைச் செதுக்கிவிடலாம் என்று. கதையில் அப்படியே ஆனது. முந்நூறு ஆண்டு மழையில் கல்லிலிருந்த கை தேய்ந்துபோகிறது. அது நெஞ்சில் வைத்த கையா, வட்டமிட்ட கையா என்று பேரப்பிள்ளைகள் சண்டையிடுவதோடு முதல் நோட்டு முடிகிறது.

பின்விளைவு

பிப்ரவரி இறுதியில் பெற்றோரை அழைத்து நோட்டைப் படித்துக் காட்டினோம். எட்டாம் வகுப்புப் பெண் எழுதிய பகுதி கடைசியில் வந்தது. மலைநாட்டுத் தாய் ஒருத்தி நிழல் விற்கத் துறைக்கு வருகிறாள். ஆறே சொற்களில் பேரம் பேசுகிறாள், ஏமாற்றப்படுகிறாள். படகில் திரும்பும்போது மகளிடம் இரண்டு பக்கம் தடையில்லாமல் பேசுகிறாள்: அந்த நிழல் எந்த மரத்தின் கீழ் விழுந்தது, அதைச் சுருட்டியபோது உள்ளே ஒரு குயில் சிக்கிக்கொண்டது, விட மனமில்லாமல் விட்டது. படகுக்காரன் வயல்நாட்டான். அவனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் துடுப்பை மெதுவாகப் போடுகிறான்.

அவளுடைய அம்மாவுக்குத் தமிழ் ஓரளவுதான் தெரியும். பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டார். முடிந்ததும் எழுந்து வந்து நோட்டைக் கையில் வாங்கி, மகள் எழுதிய பக்கத்தின் மேல் சற்று நேரம் கையை வைத்திருந்தார்.

எல்லோரும் மகிழவில்லை. ஒரு தந்தை, இப்படிக் கலந்து எழுதினால் தேர்வில் தமிழ் மதிப்பெண் குறையாதா என்று கேட்டார். நியாயமான கவலைதான். நான் பார்த்ததை மட்டும் சொன்னேன்: வீட்டுப் பேச்சுப் பகுதிகளைப் பிள்ளைகள் மிகுந்த கவனத்தோடு எழுதினார்கள், ஒரு வாக்கியத்துக்காக நான்கு முறை அடித்துத் திருத்தினார்கள். மதிப்பெண்ணைப் பற்றி என்னிடம் அளந்து சொல்ல எதுவும் இல்லை. அவர் முழுதாக ஏற்கவில்லை, ஆனால் மகனைத் தொடர்ந்து அனுப்புகிறார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

கதையின் பொதுமொழி தமிழாகவே இருக்கட்டும் என்று ஏற்றுக்கொண்ட அன்றே, அதைத் தப்பாகப் பேசப்போவது யார் என்று கேட்டிருக்க வேண்டும். ஐந்து வாரம் தாமதித்தேன். பேசாமல் இருக்கும் பிள்ளையை ஒவ்வொரு வாரமும் குறித்து வைக்க இப்போது அக்கா ஒரு தனி நோட்டு வைத்திருக்கிறார். வரைபட ஓரம் போடுவதும் அதில் பதிவாகிறது.

தரகர் தாத்தாவை ஜூன் மாதமே அழைத்திருக்கலாம். ஊரில் மொழிகளுக்கு நடுவே வாழ்ந்து பிழைத்த பெரியவர்கள் இருக்கும்போது நான் பியாலிஸ்டாக்கில் தொடங்கினேன்.

மூத்த மாணவனிடம் நடந்துகொண்ட விதம்தான் என்னை இன்றும் உறுத்துகிறது. அவன் செய்த மொழி துறைக்குப் பொருந்தாது, ஆனால் கதையில் அதற்கு இடம் இருந்தது. பிழையே இல்லாத, வாயில் எளிதில் வராத, எழுதி வைத்து மனப்பாடம் செய்ய வேண்டிய மொழி – சத்தியம் செய்ய அதைவிடப் பொருத்தமான மொழி வேறு எது? ஒப்பந்தக் காட்சியை எழுதியபோதுதான் இது எனக்குத் தோன்றியது. அக்டோபரில் தோன்றியிருக்க வேண்டும், குறைந்தது அவனிடம் கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் தொடக்கத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். எல்லோர் முன்னிலையிலும் சொன்னது தவறு என்று சொன்னேன். பரவாயில்லை சார் என்றான். கணக்கு நோட்டு எங்கே என்று கேட்டதற்கு உள்ளே போய் எடுத்து வந்தான். சொற்கள் 500ஐத் தாண்டியிருந்தன. தேர்வு முடிந்த பிறகு வருவாயா என்று கேட்டேன். பார்க்கிறேன் என்றான். இரண்டாம் நோட்டின் முதல் அதிகாரத்தில், தேய்ந்த கல்லைப் படிக்க ஒரு பழைய மொழி தெரிந்த பூசாரியைத் தேடிப் பேரப்பிள்ளைகள் புறப்படுகிறார்கள். பூசாரி பேச வேண்டிய இடங்களை இப்போதைக்கு வெறுமையாக விட்டிருக்கிறோம்.